ஐஸ் மிதந்த கிண்ணம்

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பேச்சிராஜாவுக்கு அம்மா எழுதுவது. கொரியாவில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் கப்பலுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மனசுதான் இன்னும் படபடவென்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், உன் தங்கச்சி மாரீஸ்வரி போட்டோ எடுத்து அனுப்புவாள். இந்தி மாதிரி உனக்குத் தமிழ் வேகமாக ஓடாது, எழுத்துக் கூட்டியாவது கடைசி வரை படி.

அந்தக் கொரியாப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், தீபாவளிக்கு அழைத்து வரட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து மூன்று வாரமாக அப்பா உன் பேரையே எடுக்கவில்லை. வியாழக்கிழமை திடீரென்று, அவர்கள் என்னதான் தின்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாரீஸ்வரி செம்பூரில் ஒரு கொரியா ஹோட்டலைத் தேடி டேபிள் புக் பண்ணிக் கொடுத்தாள். அவளுக்கு டியூட்டி, நாங்கள் இரண்டு பேர்தான் இன்று மத்தியானம் போனோம். அப்பா கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

மெனு கார்டில் ஒன்றும் விளங்கவில்லை, படத்தில் இடியாப்பம் போல இருந்ததை அப்பா விரலால் காட்டினார். உடனே கேட்காமலே ஆறு சின்னக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்கள், சிவப்பாகக் கோஸ் ஊறுகாய், கீரை, முளைப்பயறு, இன்னும் என்னென்னவோ. மாட்டுங்காவில் நம் ஊர்ச் சாப்பாட்டு ஹோட்டலில் கூட்டு பொரியல் வைத்த பிறகு சோறு வரும் இல்லையா, அதே நினைப்பில் சோறு வரட்டும் என்று கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் ஆயிற்று. வெயிட்டர் வந்து பார்த்தான், பிடிக்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, ஆறு கிண்ணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஒன்றைக்கூட நாங்கள் தொடவில்லை ராஜா. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த இடியாப்பம் வந்தது, தண்ணீரில் கிடக்கிறது, மேலே ஐஸ் கட்டி மிதக்கிறது. நேற்று மிஞ்சியதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள் என்று அப்பா மேனேஜரைக் கூப்பிட்டு இந்தியில் சத்தம் போட்டார். இதை இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நீ வெல்டிங்குக்குப் பிடிக்கிற ராடு மாதிரி இரண்டு ஸ்டீல் குச்சி, அதைப் பிடித்து அப்பா தூக்கியது எல்லாம் அந்த வெள்ளைச் சட்டையில் விழுந்தது. மேலே இருந்த பாதி முட்டையை எனக்கு எடுத்துத் தந்தார், மொத்தத்தில் நாங்கள் சாப்பிட்டது அவ்வளவுதான். நாலு வருஷமாக என் பிள்ளைக்கு இதுதான் சாப்பாடா என்று அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்து மேஜைச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள், அந்த வெட்கம் வேறு.

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் பசியோடு வடாபாவ் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். உன் கல்யாணம் இதோடு போயிற்று என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். அப்பா சட்டைக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார், "ஏட்டி, அந்தப் பிள்ள நம்ம வீட்டுக்கு வந்தா இப்படித்தான முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்? பக்கத்துல ஒராளு இருந்து சொல்லிக் குடுக்கணும்லா." ஐஸைப் பார்த்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்து போகவில்லை. கையிலிருந்த வடாபாவ் கீழே விழுந்துவிட்டது.

அதனால் தீபாவளிக்கு இரண்டு பேரும் வாருங்கள். அவள் பக்கத்தில் நானே உட்காருகிறேன், அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை இலையை யாரும் எடுக்க விடமாட்டேன். கண்ணாடி போடாமல் வெல்டிங் நெருப்பைப் பார்க்காதே. நீயும் அவளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா ஆறுமுகத்தாய்

கீழே இருப்பது அப்பா தன் கையால் எழுதியது:
நம் ரசத்தில் ஐஸ் போட வேண்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுச் சொல்.