மணக்காத கள்ளிமுளையான்

இராஜபாளையம்,
புதன்கிழமை.

அன்பு மகன் ஜெபினுக்கு அம்மா தேவகிருபை எழுதிக்கொள்வது. கர்த்தர் இதுவரை என்னைக் கைவிடவில்லை, முட்டுவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்த முட்டுக்காலைப் போட்டுத்தான் காலையும் மாலையும் உன் சுகத்துக்காகக் கேட்கிறேன், ஆகவே நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. தினமும் போனில் பேசுகிறவளுக்கு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ 'ம்' கொட்டாமல் போனால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், அதுதான். அடுத்த வீட்டு இந்துவின் வீட்டுக்காரர் மஸ்கட் வருகிறார், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். டூட்டி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

இங்கே நல்ல மழை. மாடி ஒழுகுகிறது, பார்க்க வந்த கொத்தனார் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. நீ போன வருஷம் பின்வாசல் தொட்டியில் நட்ட கள்ளிமுளையான் பூத்துவிட்டது. நாம் அதைத் தின்கிற ஜனம், பிஞ்சிலேயே ஒடித்து, ஓரத்தைச் சீவி, புளி வைத்துத் துவையல் அரைத்துவிடுவோம், பூவை யார் கண்டது. உன் அப்பாவும் அதற்குத்தானே போனார். 'சுகருக்கு இதைவிட மருந்து கிடையாது தேவகிருபை, செத்த நேரத்துல வாரேன்' என்று மஞ்சள் பையோடு பைக்கில் பிளவக்கல் அணைப் பக்கம் போன மனுஷன் இன்னும் வரவில்லை. பைக் அணைக்கரையில் கிடைத்தது. நீ லீவு போட்டு ஓடிவந்து, மகாராஜபுரத்து ஆட்டுக்காரர் பேச்சிமுத்துவோடு மலையடிவாரமெல்லாம் தேடினாய். ஒரு பாறைக்கிட்டே பிணவாடை அடித்து நீ நடுங்கி நின்றதையும், அவர் பூவைக் காட்டி 'பயப்படாத தம்பி, கள்ளிமுளையான் பூத்தா இப்படித்தான் நாறும், ஈ மொய்க்கும்' என்று சொன்னதையும் நீதான் எனக்குச் சொன்னாய். அந்தப் பூவைப் போட்டோ எடுத்து அனுப்பினாய், அதிலேயே ஒரு துண்டை ஒடித்துவந்து நட்டாய். நான் போட்டோவைப் போதகர் ஐயாவிடம் காட்டி, ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். வாடை பூவினுடையது என்றால் அப்பா எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று பிடித்துக்கொண்டேன். பின்வாசல் வழியாகத்தானே எப்போதும் வருவார், அந்தக் கதவுக்கு ஒரு நாளும் தாழ் போடவில்லை.

பூத்தது என்றதும் வாடைக்குப் பயந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். மெலிந்த தண்டு, நுனி ஊசியாகப் போகிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோடு போட்ட சின்னப் பூ. ஓரத்தில் பூனை மயிர் மாதிரி ரோமம், காற்றே இல்லாமல் அது ஆடுகிறது, பார்க்க எனக்குக் கொஞ்சம் என்னவோ போலிருந்தது. முந்தானையை எடுத்தேன். வாடை இல்லை. மூக்கைப் பூவிலேயே வைத்தேன், இல்லை. வெயிலில் பார்த்தேன், மழை விட்ட பிறகு பார்த்தேன். எனக்குத்தான் ஜலதோஷமோ என்று இந்துவைக் கூப்பிட்டேன், அவளும் மோந்துவிட்டு 'ஒண்ணுமே இல்லையே அத்தை' என்றாள். அன்றைக்குச் சோறு வடிக்கவும் மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன், உன் சித்தி மகள் ஜெனிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சித்தியின் மூக்கு அப்படியே. பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போதே அந்த நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டேன். ஜெனிலா சிரித்தாள். 'இல்ல பெரியம்மா, பின்னால பாறையில கள்ளிமுளையான் பூத்திருக்கு. இது தடிச்ச சாதி, பூத்தா வீட்டுல சோறு இறங்காது' என்றாள். போய்ப் பார்த்தேன். தண்டு விரல் தடிமன், உச்சியில் கறுஞ்சிவப்பில் உருண்டையாக ஒரு பூக்கொத்து, அதன்மேல் ஈ அப்பிக் கிடக்கிறது. பெயர் ஒன்றுதான், சாதி வேறு. நம் தொட்டியில் இருப்பது இது இல்லை ஜெபின். நீ அந்தப் பாறையில் ஒடித்ததும் இது இல்லை. அப்படியானால் அன்றைக்கு அங்கே நாறியது பூ இல்லை.

மறுநாள் மகாராஜபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பேச்சிமுத்து என் முகத்தைப் பார்த்தார், எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. 'அக்கா, யானை வார நேரம் ஆயிப்போச்சு. தம்பி பாறை இடுக்குல எறங்கப் போறேன்னு அழுதுட்டு நிக்கான். பூ கண்ணுல பட்டுச்சு, வாயில வந்துட்டு. மறுநா நானே போயிப் பாக்கணும்னுதான் இருந்தேன், காலு வரல. இன்னைக்கு வரைக்கும் ஆட்டக்கூட அந்தப் பக்கம் விடுறதில்ல' என்றார். ஏசத்தான் போனேன். அந்த மனுஷன் நின்ற கோலத்தைப் பார்த்து, அந்தப் பாறைக்கு வழி காட்டுவீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மெலிந்த பூ. அதில் ஒரு ஈ கூட இல்லை. ஈயெல்லாம் பின்னால், பாறை இடுக்கின் வாயில் மொய்க்கிறது. ஒரு வருஷமாக அந்தப் படத்தைத்தான் நான் போனின் முகப்பில் வைத்து, காலையில் எழுந்ததும் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராசா, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வாடை பூவாக இருக்கட்டும் என்று பேச்சிமுத்துவோடு சேர்த்து நம் மூன்று பேருக்குமே ஆசை. நான் இன்னும் வேறு யாரிடமும் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் தெரிய வேண்டும். லீவு கேட்டு வா. அப்பாவை மழையில் கிடத்தியது போதும், கொண்டுவந்து நம் கல்லறைத் தோட்டத்தில் வைப்போம். வழி காட்ட வருகிறேன் என்று பேச்சிமுத்து சொல்லியிருக்கிறார், இடுக்குவரைக்கும் நானும் வருவேன், மூக்கைப் பொத்த மாட்டேன். பதறிப்போய் வண்டி ஓட்டாதே. அந்தப் போட்டோவை அழித்துவிடாதே, பாறைக்கு அதுதான் அடையாளம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார்.

ஒன்று மறந்துவிடாதே. பின்கதவுக்கு நேற்றுத் தாழ் போட்டுவிட்டேன். நீ வரும்போது முன்வாசலில் நின்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. தேவகிருபை