அன்றைக்குத் தம்பி சபையில் இருந்தான்

ஞாயிறு. ஸபர் பிறை 8

கச்சான் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் மண். காஸ் முடிந்தது, விறகில் சோறு. பிரஷர் குளிசை காலையில் மறந்து பகல்தான் போட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் றிஸ்னா போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். பழைய எம்பிமாரைப் பற்றி யாரோ பிள்ளைகள் பட்டியல் போட்டிருக்கிறார்களாம். எந்த நாள் எதற்கு வோட்டுப் போட்டார், என்ன சொத்துக் காட்டினார், எல்லாம். என் தம்பியின் பெயரும் அதில். போன தேர்தலில் தோற்றுப்போனவன், இன்னும் விடுகிறார்கள் இல்லை.

வாசி என்றேன்.

வீடு: இல்லை. காணி: இல்லை. வாகனம்: இல்லை.

"வீடில்லாத எம்பி எண்டு சிரிக்காங்க உம்மா."

இதில் சிரிக்க என்ன. இந்தப் பக்கம் எந்த ஆம்பிளைக்கு வீடு இருக்கிறது? வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவது. அவன் இருப்பது பெண்சாதியின் வீடு. நான் இருப்பது என் சீதன வீடு. ஆனால் இதற்கு மேல் மாடி அவன் கட்டியது. சாவியும் அவனிடம். அது பட்டியலில் இல்லை. நானும் றிஸ்னாவிடம் சொல்லவில்லை.

பிறகு வோட்டுகள். கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கவிடாமல் எரித்த காலத்தில், ஜனாதிபதிக்கு அதிகாரம் கூட்டப் பாராளுமன்றத்தில் நடந்த அந்தப் பெரிய வோட்டு. எரிக்கிற அரசாங்கத்துக்கே இவனும் கை தூக்கினானா என்று அப்போது ஊரே கேட்டது.

"ஆதரவு எண்டு இரிக்கி உம்மா. சாச்சா அண்டைக்கு சபையில இரிந்திரிக்காரு" என்றவள், பிறகு நாக்கைக் கடித்து, "மாமா" என்று திருத்தினாள். பதறினால் அவளுக்கு முறை எல்லாம் மாறும்.

சோறு அடிப்பிடித்துவிட்டது.

திங்கள். பிறை 9

வழக்கம்போல எங்கள் முற்றத்தில் தெருப் பெண்களின் யாசீன் ஓதல். எனக்குக் குரல் எழும்பவில்லை. தொண்டை என்று சொன்னேன்.

 ஒருத்தி "இப்ப போன்ல என்னென்னவோ வருது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தாள். சுலைஹா எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

எழுதிவிடுகிறேன். போன தேர்தலுக்கு முன் இதே முற்றத்தில், இத்தனை பேருக்கும் முன்னால், சுலைஹா என்னிடம் கேட்டாள். மூன்றாம் வீட்டுக்காரி. சொந்தமில்லை, ஆனால் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவளைக் கட்டிய மாப்பிள்ளை கொரோனாவில் மௌத். எரித்தார்கள். அடக்கிய கபுறு என்று ஒன்று இல்லை. பெருநாள் தொழுகை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் மையவாடிக்குக் கபுறு பார்க்கப் போவார்கள், அவள் மகன் நேரே வீட்டுக்கு வருவான்.

"மச்சி, உங்கட தம்பி அண்டைக்குக் கை தூக்கினாரா?"

"வல்லாஹி, அவன் அண்டைக்கு ஆஸ்பத்திரியில."

தம்பிதான் அப்படிச் சொல்லச் சொன்னான். அவன் தோற்றாலும், என் சத்தியத்துக்குத்தான் இந்தத் தெரு முழுக்க அவனுக்குப் போட்டது.

செவ்வாய். பிறை 10

மௌலவி வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னால் இருந்து, வேறு ஆளுக்குக் கேட்பது போலக் கேட்டேன். ஒரு பொம்பிளை, ஒரு சத்தியம், அது பொய்யாய்ப் போனது.

"அவ பொய்யெண்டு தெரிஞ்சி பண்ணினவாவா, தெரியாமலா?"

"தெரியாமலெண்டா?"

"பயப்படத் தேவல்ல."

"தெரிஞ்செண்டா?"

"அல்லாட்ட தவ்பா கேக்கோணும். குத்தத்துக்குக் கஃப்பாராவும் குடுக்கோணும். பத்து ஏழைக்கு ஆளுக்கொரு முத்து அரிசி."

முத்து என்றால் ரெண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு. அரிசியை அளந்து பத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏதோ குற்றத்துக்குப் பரிகாரம் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மூணு நோன்பு பிடிச்சாப் போதாதா மௌலவி? அது ஆருக்கும் தெரியாது."

"நோன்பு வசதி இல்லாதவங்களுக்கு. அந்தப் பொம்பிளைக்கு அரிசி இரிக்கா?"

"சாகாமத்துல கொஞ்சம் வயல் இரிக்கி."

"மாடி வீடும் இரிக்கே" என்றார்.

வெயிலில் நடந்து வந்தேன். தெரிந்தா, தெரியாமலா. அந்த வோட்டு நாளில் தம்பி எனக்குப் போன் எடுத்தான். "ராத்தா, வேல முடிஞ்சி, துஆ செய்ங்க" என்றான். அவனுக்குப் பின்னால் கனபேர் சிங்களத்தில் கதைக்கிற சத்தம். டிவியில் சபையைக் காட்டும்போது கேட்கிற மாதிரி நீளமாக ஒரு மணி. ஆஸ்பத்திரியிலும் மணி அடிப்பார்கள்தானே என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல தடவை.

புதன். பிறை 11

கோழி ரெண்டைக் காணவில்லை. ஒன்று பின்னேரம் வந்தது.

தம்பி வந்தான். சீனி இல்லாத தேத்தண்ணி.

"ராத்தா, ஆரும் கேட்டா பட்டியல் பிழையெண்டு சொல்லுங்க. அதுக்கு மேல வாயத் தெறக்காதீங்க."

"நான் வாயத் தெறக்காட்டி வருத்தமெண்டு டொக்டரக் கூட்டிவருவாங்க."

அவன் சிரிக்கவில்லை. ஏன்டா கை தூக்கினாய் என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

"கை தூக்கினா எரிக்கிறத நிப்பாட்டுவம் எண்டாங்க."

"நிப்பாட்டினாங்களா?"

"பொறகு நிப்பாட்டினாங்கதானே."

"சுலைஹாட மாப்பிள பொறகா மௌத்தாகின?"

அவன் முகட்டைப் பார்த்தான். மேலே அவன் பூட்டிவைத்த அறைகள்.

"இந்த வீட்டுல இரிந்துகொண்டு கதைக்கிற கதையா ராத்தா இது?"

என் உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு.

வியாழன். பிறை 12

வயலில் இருந்து புது அரிசி வந்தது. தம்பி தந்தது எதுவும் இதில் சேரக் கூடாது, என்னுடையதாக இருக்க வேண்டும். பத்துப் பை, பத்து முத்து.

ஏழைகள் எழுதினேன். ஒன்பது வரை லேசாக வந்தது. வலை பின்னுகிற கிழவர், கண் தெரியாத சாச்சி, பள்ளியடி விதவைகள் மூன்று பேர், இப்படி. பத்தாவது பெயரில் பேனை நின்றது. தெருவில் ஆகக் கஷ்டப்பட்டவள் சுலைஹா. அவளை விட்டால் ஏன் விட்டாய் என்பார்கள். கொடுத்தால் எதற்கென்று அவள் கேட்பாள்.

"நோன்பு விட்டதுக்கும் அரிசிதானே, அப்பிடிச் சொல்லுங்களன் உம்மா" என்றாள் றிஸ்னா.

பொய்க்கு அரிசி அளக்கிற கையால் இன்னொரு பொய். எழுதினேன். 10. சுலைஹா.

வெள்ளி. பிறை 13

குளிசை போட்டேன். ஜும்ஆவுக்கு முன் ஒன்பது வீடு. கண் தெரியாத சாச்சி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தின நோன்புகா விட்ட?" என்று சிரித்தா. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

சுலைஹா கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள்.

"என்ன மச்சி, நோன்பா?"

"நோன்பில்ல. சத்தியம்."

கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். ஆறுதலாகக் கழுவினாள்.

"எனக்கு அண்டைக்கே வெளங்கின மச்சி."

"எப்பிடி?"

"ஒண்டு கேட்டா ஒம்பது சொல்ற ஆள் நீங்க. அண்டைக்கு ஒரு சொல்லோட எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டீங்க. எந்த ஆஸ்பத்திரி, என்ன வருத்தம், ஆரு பாக்கப் போன, ஒண்டுமில்ல."

"அப்ப ஏன் அங்கயே கேக்கல்ல?"

"உங்கட முத்தத்துல இரிந்து, உங்கட தேத்தண்ணியக் குடிச்சிக்கொண்டு, எப்பிடிக் கேக்கிற?"

பையைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"என்னட்ட மட்டும் சொல்லி இத முடிக்கேலா மச்சி. எல்லாருக்கும் முன்னாலதானே சத்தியம் பண்ணினீங்க. திங்கக்கிழம யாசீனுக்கு எல்லாரும் வருவாங்க. அதுல சொல்லிட்டுத் தாங்க. வாங்குறன்."

படலை வரைக்கும் வந்து ரெண்டு மீனும் தந்தாள்.

சனி. பிறை 14

மீன் ஆணம், பாவக்காய். றிஸ்னா நல்லா இருக்கு என்றாள். 

பகல் தம்பி வந்தான், மாடி திறக்க, கையில் சாவி. மேசையில் இருந்த பையைக் கண்டான்.

"இது ஆருக்கு ராத்தா?"

"சுலைஹாக்கு. திங்கக்கிழமதான் வாங்குவா."

"ஏன் திங்கக்கிழம?"

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொடக்கத்தில் இருந்து தொடங்கினேன். அவன் போன் எடுத்த நேரம், அன்றைக்கு நான் அடுப்பில் வைத்திருந்த கறி, பின்னால் சிங்களத்தில் கதைத்தவர்கள், நீளமாக அடித்த மணி, அது எவ்வளவு நேரம் அடித்தது. திங்கட்கிழமை யாசீனில் எல்லாருக்கும் முன்னால் இதைத்தான் இப்படியே சொல்வேன் என்றேன். அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். எழும்பினான். வாசலில் செருப்பைத் தேடினான். என் கதை அப்போதும் அந்த மணியில்தான் நின்றது, அவன் சொல்லச் சொன்ன ஆஸ்பத்திரிக்கு இன்னும் வரவே இல்லை.