ஒழித்துத் தரவும்

செப்டம்பர் 8, திங்கள்

விழுப்புரத்தில் பஸ் ஏறி, நின்றுகொண்டே திண்டிவனம் வருவதற்குள் கால் வீங்கிவிடுகிறது. ஆபீசில் வந்து உட்காரும் முன்பே முதலாளி திருமுருகன் சார், "இசைவாணி, ஜல்தி முடிம்மா, இன்னிக்கே ஏத்திடணும்" என்கிறார்.

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. கடைக்காரர் தமிழில் சொன்னால், ஏஐ ஏஜென்ட் அவருக்குப் படம், வீடியோ எல்லாம் போட்டு வைக்க இணையத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி போட்டுத் தரும். எப்படிப் போடுவது என்று ஏஜென்ட் படித்துக்கொள்ளும் விளக்கத்தை எழுதுகிறவள் நான். மனுஷங்க படிக்கிறதே இல்ல, அது வரிவரியா படிக்குது. "வீட்டுல பேசற மாதிரி எழுது, அப்பதான் கஸ்டமர் பேச்சு அதுக்குப் பிடிபடும்" என்பது சாரின் யோசனை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். முதல் கஸ்டமரையும் நானே பிடித்துக் கொடுத்தேன், பக்கத்துத் தெரு ஸ்டூடியோ அந்தோணிசாமி அண்ணன்.

செப்டம்பர் 10, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

அண்ணன் ஏஜென்ட்டிடம், "கல்யாணம்னு புதுப் பெட்டி ஒண்ணு போடு" என்றிருக்கிறார். அதே பெயரில் திங்களன்றே போட்டது ஒன்று இருந்தது, இந்த சீசன் வீடியோ மொத்தமும் அதில்தான். ஏஜென்ட் அதை அடியோடு அழித்துவிட்டுப் புதுசைப் போட்டு, "தயார்" என்றுவிட்டது.

"என்னாம்மா இது, காலியா கீது?"

"கேமரா கார்டுல இருக்குமில்லண்ணா?"

"அத அழிச்சிட்டுதானே நேத்து காதுகுத்து எடுத்தேன்."

செப்டம்பர் 11, வியாழன்

ஏன் அழித்தது என்று ஏஜென்ட்டின் பதிவில் தேடினேன். காரணமாக என் வரியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறது: "அதே பெயரில் பழைய பெட்டி இருந்தால், அதை ஒழித்துத் தரவும்."

அடிப்பாவி, நானா?

அம்மா தினமும் சொல்றதுதானே — "கொழம்பு சட்டிய ஒழிச்சுக் குடுடி, தேய்க்கணும்." கொழம்ப வேற கிண்ணத்துல மாத்திட்டு சட்டியக் குடுன்னு அர்த்தம். எந்த வீட்டுலயாவது கொழம்ப சாக்கடையில ஊத்துவாங்களா? இது ஊத்திடுச்சு. அதுக்கு ஒழின்னா ஒழிதான். அது மேல என்ன தப்பு?

செப்டம்பர் 12, வெள்ளி

ஸ்டூடியோவுக்குப் போனால், மண்டகப்பட்டிலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். கோவிந்தம்மாள். போன மாதம் மகளுக்குக் கல்யாணம். அது முடிந்த ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் பச்சைமுத்து நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"போட்டோல்லாம் வாணாங்க. அவுரு பேசறது வீடியோல இருக்கும். அத மட்டும் குடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாள் ஆவும்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஏன் சொன்னேன்? எங்கேயிருந்து எடுப்பேன்? ஐயோ.

செப்டம்பர் 13, சனி

பெட்டிக்கு இடம் தரும் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். கும்பிடாத சாமி இல்லை, மாதா கோயிலைக்கூட விடவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பதில் வந்துவிட்டது. அழித்ததைத் திரும்ப எடுக்க வழியே இல்லையாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

"ஏஜென்ட் தப்புன்னு சொல்லிக்கலாம். நீ போய் எதுவும் உளறாத" என்றார் சார். என்னால் முடியவில்லை. அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வீடியோ அழிஞ்சுடுச்சுங்கம்மா. நான் எழுதுன ஒரு வார்த்தையால."

"வார்த்தையால எப்டிம்மா அழியும்?"

அழுதுவிட்டேன்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். "இனிமே விளக்கத்தையும் ஏஜென்ட்டே எழுதிக்கும்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மண்டகப்பட்டில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "கல்யாணத்துல போன்ல எதாச்சும் புடிச்சீங்களா?" எல்லார் போனிலும் பொண்ணு மாப்பிள்ளை, இல்லாவிட்டால் அவங்கவங்க முகம். பொண்ணோட அப்பனை யாரு புடிப்பா? அவர் பாட்டுக்கு பந்தியில ஓடிக்கினு இருந்திருப்பார். பேஜாரு பண்றியேன்னு ஒருத்தர் கதவைச் சாத்திவிட்டார். நியாயம்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கடைசியில் கிடைத்தது: கண்டமங்கலத்தில் அவர்களின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, தன் வளையலைக் காட்டுவதற்காகக் கல்யாணப் பந்தியில் எடுத்த வீடியோ. பின்னால் ஒரு வேட்டி ஓரம் தெரிகிறது. முகம் இல்லை, குரல் மட்டும். "ஏம்பா, கடைசி எலைக்கு ரசம் வரல பாரு, ஓடு!" அவ்வளவுதான்.

என் போனில் வாங்கிக்கொண்டு போய் கோவிந்தம்மாளின் காதருகே வைத்தேன்.

"அவுருதான்" என்றார். இன்னொரு வாட்டி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். "பாரு, அப்பவும் யாரையோ வெரட்டிக்கினுதான் இருக்காரு" என்று சிரித்தார், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அனுப்பி வைக்கலாம் என்று, வாட்ஸ்அப் இருக்கா என்று கேட்டேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், வீடியோ ஓடாது.

என் போனிலிருந்து சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.