கிளடிஸின் ஊரும் களஞ்சியக் கதவும்

1996 பெப்ரவரி 6, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. பூசைக்குப் போகவில்லை. மகன் லெஸ்லி மிசிசாகாவிலிருந்து போன் எடுத்தான், நான்கு நிமிடம்.

கீழே உடுப்புத் தோய்க்கும் லோண்டரியில் ஒன்பதாம் மாடி கிளடிஸ் ஒரு கட்டுத் தாள் காட்டினாள். ஜமேக்கா மலையில் அவளுடைய சின்ன ஊர், பைமெண்டோ கேப். இந்த ஓகஸ்டில் அதற்கு நூற்றைம்பது வயது. இங்கு கனடாவிலுள்ள அவர்களுடைய சங்கம் ஊரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறதாம். அவள் எழுதியதில் எங்குமே முற்றுப்புள்ளி இல்லை. "கண்ணில புரை, ரீச்சர். நீர் திருத்தித் தருவீரோ?" ஆங்கிலத்தில் கேட்டாள், தமிழில் எழுதுகிறேன். கன்னியர் மடத்தில் படித்து, அங்கேயே முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவளிடம் இதைக் கேட்கவும் வேண்டுமா?

பெப்ரவரி 9, வெள்ளி

ஊரைத் தொடங்கியவர்கள் விடுதலையான அடிமைகள், பதினொரு குடும்பங்கள். கோப்பித் தோட்டக்காரன் வேண்டாமென்று விட்ட சரிவை வாங்கி, கல் பொறுக்கி, கிழங்கு நட்டார்களாம். கிறிஸ்தவக் கோவில் மணியை ஆறு பேர் நான்கு நாள் சுமந்து ஏறினார்களாம். நேரம் போனதே தெரியவில்லை. இனி வெள்ளிதோறும் வருவாள். நல்ல கோப்பைகள் இரண்டை வெளியே எடுத்து வைத்தேன். என் கணவர் கஸ்பர் இறந்த பிறகு எடுக்காதவை.

பெப்ரவரி 20

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.

மார்ச் 8, வெள்ளி

இன்று 1951 சூறாவளி. நிவாரண மாவைக் கோவில் பொறுப்பாளர் களஞ்சியத்தில் பூட்டித் தன் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தாராம். கிளடிஸின் தாய் கோடாலியால் கதவை உடைத்தாளாம். பொலிஸ் பிடித்து ஒன்பது நாள் மறியலில் அடைத்ததாம்.

இதையெல்லாம் புத்தகத்தில் போடுவதா? கஸ்பரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை நானே எழுதினேன். ஒருவராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஊருக்கும் அப்படித்தான்: தோற்றம், கோவில், பெரியோர். "சூறாவளியை ஊரவர் ஒற்றுமையுடன் எதிர்கொண்டனர்" என்று முடித்தேன். தாயாருக்கு "பக்தியும் பொறுமையும் நிறைந்தவர்" என்று தனி வரி.

மார்ச் 15, வெள்ளி

வாசித்துக் காட்டினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ர அம்மா எங்க?"

"இருக்கிறாவே. பக்தியும் பொறுமையும்—"

"அது ஆர்? எனக்குத் தெரியாத மனுசி. அம்மா கதவைக் கொத்தினவ. அண்டைக்கு முழு ஊரும் ரொட்டி திண்டது. நீர் என்ர ஊரைப் பெட்டியில வைச்சு மூடிப்போட்டீர், ரீச்சர்."

தாள்களை விட்டுவிட்டுப் போய்விட்டாள். தேநீர் பாதி அப்படியே.

மார்ச் 22, வெள்ளி

வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

லிஃப்டில் கண்டேன். "குட் மோர்னிங்" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, பெரிய வெள்ளி

கஸ்பரின் மலரை எடுத்தேன். ஏழாம் பக்கம்: "அன்பு மகன் லெஸ்லி."

அச்சுக்குப் போகுமுன் லெஸ்லி கேட்டான்: "அம்மா, அக்காவின்ர பேர் விடுபட்டுப்போச்சு." "விடுபடேல்லை" என்றேன். மூத்த மகள் றீற்றா கோவிலில் கட்டாமல் அந்த ஸ்ரீதரனைப் பதிவுத் திருமணம் செய்தவள் என்பதற்காக.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தாள். பின்னால் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பிறத்தியார் எடுப்பதுபோல ஒரு மலரை எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் திறந்திருப்பாளா? தேடியிருப்பாளா?

நான் என்ன மனுசி. பிள்ளை கடைசி வாங்கில, நான் முன்னுக்குக் கறுப்புச் சீலையோட நிமிர்ந்து இருந்தனான்.

ஏப்ரல் 8, திங்கள்

சூறாவளியைத் திரும்ப எழுதினேன். கோடாலி, மா, மறியல், பொறுப்பாளரின் பெயர், எல்லாம் அவள் சொன்னபடியே. முற்றுப்புள்ளி மட்டும் என்னுடையது. ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுபோனேன். கதவடியில் நிற்கவைத்தே இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

"முற்றுப்புள்ளி கூடிப்போச்சு, ரீச்சர். உள்ள வாரும்."

ஏப்ரல் 14, ஞாயிறு

லெஸ்லியிடம் றீற்றாவின் ஒஷாவா முகவரி கேட்டேன். மெதுவாகச் சொன்னான். மலரின் ஏழாம் பக்கத்தில், லெஸ்லிக்கு மேலே, கறுப்பு மையால் "அன்பு மகள் றீற்றா" என்று எழுதித் தபாலில் போட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

றீற்றாவிடமிருந்து பதில் இல்லை. கிளடிஸுக்குச் சொன்னேன். எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள்.

மே 3, வெள்ளி

காலையில் றீற்றாவின் போன். "மலர் கிடைச்சது, அம்மா." பிறகு ஸ்ரீதரனைப் பற்றி: "இவற்ற பேரைக் காணேல்லை."

கிளடிஸிடம், நாளைக்கு நேரே போய் அந்தப் பேரையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். "கோடாலி வேணுமே?" என்று கேட்டாள். பேனை போதும் என்றேன்.

ஒஷாவா பஸ் பத்து இருபதுக்கு.