குடல்வால் என்று சொன்ன விஷயம்

கப்பலில் இருக்கும் மாப்பிள்ளைக்கு, உங்களுக்கு நிச்சயம் செய்த பெண்ணின் தாய்மாமன் எழுதுவது. உங்கள் போன் கிடைக்கவில்லை. அடுத்த துறைமுகத்தில் கடிதம் கைக்கு வரும் என்று உங்கள் கம்பெனியில் சொன்னார்கள்.

போன வாரம் உங்கள் அம்மா விசாரித்தபோது, பெண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுண்டுவிரல் நீளம், குப்பியில் போட்டு என் கையிலேயே கொடுத்தார்கள் என்றும் சொல்லிவிட்டேன். பொய், மாப்பிள்ளை. அவளுக்கு வந்தது சினைப்பையில் புற்றுநோய். இடது பக்கம்.

பதறாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. நாலாயிரம் வயிறு பார்த்த கை, ஐயாயிரம்கூட இருக்கும். வழக்கமாக இரண்டு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் சேர்த்தே எடுப்பார்களாம். இவளுக்கு வயது இருபத்தைந்து, கட்டியும் ஒரு பக்கத்தோடு நிற்பதாக ஸ்கேனில் தெரிந்தது. அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கலாம் என்றார். திறந்து பார்த்துப் பரவியிருந்தால் எல்லாவற்றையும் எடுக்கச் சம்மதம் என்று அவளே கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பி வாங்கிய நான்தான் அதை மூடாமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

முப்பது வருஷமாக மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான். ஒரு காயில் கருகினால் மோட்டாரையே தூக்கிப் போடுவோமா என்று டாக்டரம்மாவையே கேட்டேன். அசந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். இவளோ, "நான் ஒண்ணும் உங்க கடைக்கு வந்த பம்புசெட் இல்ல மாமா" என்கிறாள்.

திறந்து பார்த்ததில், பரவவில்லை. வலது பக்கமும் கர்ப்பப்பையும் பத்திரம். பரிசோதனை முடிவிலும் ஆரம்ப நிலை என்றே வந்திருக்கிறது. மருந்து ஏற்ற வேண்டாமாம். சில வருஷம் தவறாமல் சோதனைக்குப் போக வேண்டும். பிள்ளை பிறக்க வாய்ப்பு உண்டு, உறுதி சொல்லமாட்டேன் என்றார் டாக்டரம்மா. நோய் திரும்பாது என்றும் சத்தியம் செய்யவில்லை. இந்தப் பாராவில் நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

நேற்று உங்கள் அம்மா அவளிடமே குடல்வாலை விசாரித்திருக்கிறார். போனை வைத்துவிட்டு, "நீங்க சொன்ன பொய்ய நீங்களே சரிபண்ணுங்க மாமா. அவருக்கு எல்லாம் தெரியட்டும், அப்புறம் அவர் இஷ்டம்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கமான பெண் என்று நான் அளக்கப்போவதில்லை. கடலிலும் கரையிலும் நீங்கள் நன்றாயிருக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். சம்மதம் என்றால் என்னிடம் சொல்லி அனுப்பாதீர்கள், அவளுக்கே போன் போடுங்கள். நான் சொன்னால் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பாள்.

அன்புடன்,
மாமா