மன்றாட்டு ராகத்தில் ஒரு விடுப்புக் கடிதம்

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நீ சிரித்துக்கொள்.

1. சுக்கு.
2. நாம் எழுதிய ஆங்கிலத் தேர்வு எவ்வளவு அற்பமானது.
3. நீ படித்த முறை எதற்குமே உதவாது.
4. வாய்மொழித் தேர்வில் நடந்தது.

இருமலுக்காக இன்று காலை ஒரு துண்டு சுக்கை வாயில் அடக்கினேன். அந்தக் காரத்தோடு நீயும் வந்துவிட்டாய். துறைமுகத்தில் கரிக்கூடைகளை எண்ணிக்கொண்டு நாம் நின்ற காலத்தில் உன் கன்னத்தில் எப்போதும் சுக்கு ஒதுங்கியிருக்கும். கரித்தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது, அலுவலக மேசைக்கு மாறினால் பிழைப்பாய் என்று வைத்தியர் உன்னிடம் சொல்லியிருந்தார். மேசைக்கு மாற அந்தத் தேர்வில் தேற வேண்டும்.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். ஆனாலும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதே கூடைகளைக் கூட்டிப்போட அவன் மொழி வேண்டுமாம். கரி என்ன ஆங்கிலத்திலா இறங்கியது? இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு அன்று இல்லை. இன்றும் உன்னிடம்தான் கேட்கிறேன்.

உன் படிப்பு அதைவிடக் கேவலம். நான் காலடிப்பேட்டை வீட்டில் இலக்கண விதிகளைக் கட்டம் போட்டுப் படித்தேன். நீ ராயபுரம் கடற்கரையில் உட்கார்ந்து, மாதா கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும் அதே ராகத்தில், மாதிரி விடுப்புக் கடிதம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாய். ஒரு சொல்லுக்கும் உனக்குப் பொருள் தெரியாது.

“கிளியே தேவலை. நடுவிலே நிறுத்திக் கேட்டா உனக்கு ஒண்ணும் வராது” என்றேன்.

“இன்னா நைனா, பூசை லத்தீன்லதான நடக்குது? எனக்கு ஒரு வார்த்த புரியுதா? சாமி கேட்டுகினுதான கீறாரு!”

“தேர்வு வைக்கிறவர் சாமி இல்லை.”

“நீ கட்டம் போட்டுகினே இரு மாமு. நான் போய் ஃபேன் கீய குந்திக்கிறேன்.”

வாய்மொழித் தேர்வுக்கு இருவரையும் ஒன்றாக அழைத்தார்கள். தேர்வாளர் கோட்டுப் போட்டவர், கரிக்கிடங்கை ஒரு நாளும் மிதித்தறியாதவர். என்ன வேலை செய்கிறாய் என்று உன்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நீ கண்ணை மூடி, “சார், ஐ பெக் டு ஸ்டேட்…” என்று ராகமாகத் தொடங்கினாய். அவர் கை காட்டியும் நிற்கவில்லை. முடித்ததும் நெற்றியில் சிலுவை போட்டு, “ஆமென்” என்றாய். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். 

நான் திக்கித் திக்கித் தேறினேன். நீ கரிக்கே திரும்பினாய். சில ஆண்டுகளில் அந்தக் கரியே உன்னைக் கொண்டுபோயிற்று.

நேற்று மருத்துவமனையில், தமிழ் தெரியாத ஓர் இளம் மருத்துவர் உடம்புக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிகழ்காலமா, இறந்தகாலமா என்று நான் வழக்கம்போல விதியைத் தேடிக்கொண்டிருந்தேன். வாய் காத்திருக்கவில்லை. “சார், ஐ பெக் டு ஸ்டேட் தட் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்…” உன் ராகம்தான், ஏற்ற இறக்கம் பிசகாமல். எனக்கு இருந்தது இருமல். உன் கடிதத்தில் இருந்தது காய்ச்சல்.

அவர் சிரிக்கவில்லை. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கே தெரியவில்லை.

வரிசையில் மூன்றாவதாக எழுதியது தவறு.