ஞாயிற்றுக்கிழமை ஷட்டர்

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, இரவு.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, போன் வந்துவிட்டது. திருவேங்கடம் ஊரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் பிடித்து வந்து என் ஜவுளிக்கடை வாசலில் நிற்கிறார்களாம். கடை தொடங்கிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திறந்ததில்லை. ஆனால் இது முகூர்த்தப் பட்டு. மனசு கேட்கவில்லை. பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போய், சத்தம் வராமல் ஷட்டரைப் பாதி தூக்கினேன்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா?"

பக்கத்துப் பூஜைச் சாமான் கடை சுடலைமுத்து. நெற்றி நிறையத் திருநீறு.

"ஒரு அவசரம்..." என்று இழுத்தேன்.

"தங்கத்தைக் கொட்டுனாலும் அவரு இன்னைக்குத் திறக்க மாட்டாருன்னு இப்பத்தான் இவங்ககிட்ட சொன்னேன். வாராவாரம் வாரவங்க எல்லார்ட்டயும் சொல்லுதேன். என்னையப் பொய்க்காரனாக்கிராதீய!"

கல்யாண வீட்டார் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஷட்டரை இறக்கினேன். பெண்ணின் அப்பா, "சரி, நாளைக்கு வாரோம்" என்றார். வருவாரா, தெரியவில்லை.

ஓய்வுநாளைக் காத்துவருகிறேன் என்று சபையில் எழுந்து நின்று சாட்சியெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் அதற்குச் சுடலைமுத்துவைக் காவல் வைத்திருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி ஜெபத்தில் சுடலைமுத்து பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினேன். பக்கத்தில் முழங்காலில் இருந்த என் மனைவி எஸ்தர் ஆமென் சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது.